இடது பக்கம் காணாமல் போன பூ

போன இதழில், மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்டு, பல நாள் நினைவில்லாமல் கிடந்து மீண்ட பிறகு நான் பென்சிலைக் கையில் எடுத்த கதையை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. விபத்தில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூளையில் கட்டி எடுத்தவர்கள், அவர்களைவிட அதிகமாக அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் போடவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. அடிபட்டவள், அப்புறம் ஆறு வருஷமாக வாரத்தில் ஒரு நாள் என்னைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வரைகிறவள். அந்த மேஜையில் பார்த்ததும், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவதற்காக அங்கே வரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கொஞ்சம் படித்ததும்தான் இங்கே பதிலாக வருகிறது.

கேள்வி: என் கணவருக்கு பைக் விபத்தில் தலையில் அடிபட்டு நான்கு மாதம் ஆகிறது. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் சொல்லாவிட்டால் எதையும் செய்வதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ‘ஏதாவது வரையச் சொல்லிப் பாருங்கள்’ என்றார் டாக்டர். கலரிங் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ‘நான் என்ன எல்.கே.ஜி. பையனா’ என்று தூக்கி எறிந்துவிட்டார். வாழ்க்கையில் பிரஷ் பிடித்தே பழக்கமில்லாதவர். எப்படித் தொடங்குவது?

தூக்கி எறிந்தாரா? எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்தான். தன்னை யாரும் குழந்தையாக்கக் கூடாது என்கிற ரோஷம் அப்படியே இருக்கிறது பாருங்கள். அந்தப் புத்தகத்தை எங்காவது ஒளித்துவைத்துவிடுங்கள். கோட்டுக்கு வெளியே போகாமல் யானைக்குட்டிக்கு வண்ணம் அடிப்பது சிலருக்குப் பிடிக்கும், அவர்களாகக் கேட்டால் கொடுக்கலாம், வளர்ந்த மனிதரிடம் நாமாக நீட்டக் கூடாது.

அப்புறம் அந்த ‘சொல்லாவிட்டால் செய்வதில்லை’. வீட்டில் யாராவது இந்நேரம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருப்பார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையில் அடிபட்டால், ஒரு வேலையை ஆரம்பிப்பதற்கான அந்த முதல் உந்துதல் வராமல் போவது உண்டு. ஆசை இருக்கும், செய்யத் தெரியும், எப்படிச் செய்வது என்று கேட்டால் வரிசையாகச் சொல்லக்கூடச் செய்வார், கை மட்டும் நகராது. எனக்கு இருந்தது. பென்சில் எதிரில் கிடக்கும், எடுக்க வேண்டும் என்று தெரியும், அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது வந்து பென்சிலை என் விரலுக்குள் வைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் வண்டி தானாக ஓடும்.

அதனால் ‘ஏதாவது வரையுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளைத் தாளையும் ‘ஏதாவது’வையும் சேர்த்துக் கொடுத்தால் அடிபடாத மூளையே முழிக்கும். இரண்டு பென்சிலை நீட்டுங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. ‘எது?’ அவ்வளவுதான் கேள்வி. ஒன்றை எடுத்தால், தாளில் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டி, ‘இங்கிருந்து இதுவரைக்கும் ஒரு கோடு.’ பிறகு நீங்கள் ஒரு கோடு போடுங்கள், அவர் ஒன்று போடட்டும். படம் என்கிற வார்த்தையையே எடுக்க வேண்டாம். எங்கள் மேஜைக்கு வந்த ஒரு லாரி டிரைவர் மூன்று வாரம் வெறும் கோடுதான் போட்டார், பேச்சே இல்லை. நான்காவது வாரம் அந்தக் கோடுகளில் இரண்டு ஒரு சாலையாகிவிட்டது. நடுவில் விட்டு விட்டு வெள்ளை போடணுமே, வெள்ளை எங்கே என்று அவராகவே கேட்டார்.

இந்த ‘எது?’ எனக்கு ஏன் பெரிய விஷயமாகத் தெரிகிறது என்றால், அடிபட்டு வீட்டுக்கு வந்த ஆளிடம் அதன்பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. எப்போது எழுந்திருப்பது, எப்போது மாத்திரை, எந்தச் சட்டை, யார் வந்து பார்க்கலாம், எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, எல்லாம் அடுத்தவர் முடிவு. வேறு வழியில்லை, சரி. ஆனால் இதுவே மாதக்கணக்கில் போனால் முடிவெடுக்கிற பழக்கமே துருப்பிடித்துப் போகிறது. தாளில் நீலமா பச்சையா என்று அவர் தப்பாக முடிவெடுத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அப்படித் தப்பு செய்ய வேறு இடமும் அவருக்கு இப்போது கிடையாது. ஆகவே சூரியனைப் பச்சையில் போட்டால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். ‘நான் சரிபண்ணித் தரட்டுமா’ என்று பென்சிலை வாங்குவது அதைவிட மோசம்.

பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. தூங்கி எழுந்து தெளிவாக இருக்கிற நேரமாகப் பார்த்து, டிவியை அணைத்துவிட்டு, முகத்தில் வெளிச்சம் அடிக்காத இடத்தில் உட்காரவையுங்கள். மூளைக்கு வருகிற களைப்பு உடம்புக் களைப்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வராது, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று திரை விழுந்த மாதிரி விழும், அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். கோடு நடுங்க ஆரம்பித்தாலோ, கண்ணைத் தேய்த்தாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ ஏற்கெனவே தாமதம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ‘இன்னும் கொஞ்சம் போடலாமே’ என்று அவர் சொல்கிற இடத்தில் நிறுத்தினால் நாளைக்கு அவரே வருவார்.

கேள்வி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். பூ வரையச் சொன்னால் வலது பாதி இதழ்களை மட்டும் போட்டுவிட்டு, முடிந்தது என்கிறார். இடது பக்கம் எங்கே அம்மா என்றால், ‘போட்டிருக்கேனே’ என்று எங்களிடம் கோபப்படுகிறார். கண் டாக்டர் பார்வை சரியாக இருக்கிறது என்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அண்ணன் சந்தேகப்படுகிறான்.

அண்ணனிடம் சொல்லுங்கள், இதை வேண்டுமென்று யாராலும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. உங்கள் அம்மாவுக்கு மூளையின் வலது பக்கத்தில்தான் பாதிப்பு இருக்க வேண்டும், டிஸ்சார்ஜ் தாளைப் பாருங்கள். வலது மூளையில், குறிப்பாகப் பின்பக்கமாக மேலே, அடிபட்டால் உலகத்தின் இடது பக்கத்துக்குக் கவனம் போவதே நின்றுவிடலாம். ஒருபக்கப் புறக்கணிப்பு என்கிறார்கள். கண் பார்க்கும், கவனம் போகாது. தட்டில் இடது பக்கம் இருப்பதைத் தொட மாட்டார், தலையில் இடது பக்கம் சீவ மாட்டார், கதவு நிலையில் இடது தோள் இடிக்கும். கவனித்துப் பாருங்கள், இதில் ஏதாவது நடந்திருக்கும்.

கண்ணில் குறை இல்லை என்பதற்கு இத்தாலியில் செய்த ஒரு பரிசோதனையை எனக்குச் சொன்னார்கள், கேட்டதிலிருந்து என் தலைக்குள்ளேயே அது சுற்றுகிறது. 1978-ல் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் இந்தப் பாதிப்பு உள்ள மிலான் நகரத்துக்காரர்களிடம், உங்கள் ஊர் தேவாலயச் சதுக்கத்தில் தேவாலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்துக்கொண்டு என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார்கள். பெரும்பாலும் வலது பக்கக் கட்டடங்களாகவே சொன்னார்கள். சரி, இப்போது எதிர்முனைக்குப் போய், தேவாலய வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும், முதலில் விட்டுப்போன கட்டடங்கள் வரிசையாக வந்தன, முதலில் சொன்னவை காணாமல் போயின! நினைவுக்குள்ளேயே இடது பக்கம் இல்லை. அதனால்தான் உங்கள் அம்மா ‘போட்டிருக்கேனே’ என்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்தப் பூ முழுசு.

ஜெர்மன் ஓவியர் அன்டோன் ரேடர்ஷைட் என்பவருக்கு 1967-ல் இதே வலது மூளைப் பக்கவாதம் வந்தது. அவர் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். ஆரம்பப் படங்களில் இடது பாதி கிட்டத்தட்ட வெற்றுத் துணி. மாதங்கள் போகப் போக ஒரு கண், கன்னத்தில் கொஞ்சம், காது என்று அந்தப் பக்கம் மெல்ல நிரம்புகிறது. அவ்வளவு தேர்ந்த ஓவியருக்கே பாதி முகம் விட்டுப்போயிருக்கிறது என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

என்ன செய்யலாம்? தாளை மேஜையில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, இடது ஓரம் முழுக்க மேலிருந்து கீழ் வரை நல்ல சிவப்பில் ஒரு பட்டை ஒட்டுங்கள். ஒவ்வொரு கோடு போடுவதற்கு முன்னாலும் ‘சிவப்பைப் பாருங்கள்’, அவ்வளவுதான். தலையைத் திருப்பி சிவப்பைக் கண்ணால் பிடித்துவிட்டு அங்கிருந்து வலது பக்கம் வர வேண்டும். வண்ணப் பெட்டியை இடது பக்கம் வையுங்கள், முதலில் நடுவுக்குக் கொஞ்சம் இடப்புறம், பழகப் பழக இன்னும் தள்ளி. நீங்கள் உட்காருவதும் இடது பக்கமாகவே இருக்கட்டும். ‘எங்கே இடது பக்கம்’ என்று குறுக்கு விசாரணை மட்டும் வேண்டாம். தாளை நாமே திருப்பிக் காட்டுவதும் எப்போதாவது போதும், தினமும் திருப்பினால் கண்ணும் தலையும் போக வேண்டிய வேலையைத் தாள் செய்துவிடுகிறது.

பூ நிரம்புகிறதா என்பதைவிட அவசரமான விஷயம் ஒன்று. இந்த நிலையில் அவரைத் தனியாகச் சாலையைக் கடக்க விடாதீர்கள், அடுப்புப் பக்கம் தனியாக விடாதீர்கள். இடது பக்கம் வருகிற வண்டி அவருக்குக் கிடையாது.

கேள்வி: எந்த வண்ணம், என்ன தாள் வாங்குவது? ஆயில் பெயின்ட் வாங்கலாமா?

ஆயில் பெயின்ட் வேண்டாம், காரணம் அதைக் கரைக்க ஊற்றுகிற தின்னர். தலையில் பலமாக அடிபட்டவர்களில் பலருக்கு வாசனை தெரியாமல் போகிறது. மூக்குக்கு மேலே ஒரு சல்லடை எலும்பு இருக்கிறது, வாசனை நரம்புகள் அதன் ஓட்டைகள் வழியாகத்தான் மேலே போகின்றன, மூளை குலுங்கும்போது அந்த மெல்லிய இழைகள் அறுந்துபோகும். அப்படிப்பட்டவர் மூடிய அறையில் தின்னர் ஆவியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது, தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். தண்ணீரில் கரைகிற எதுவும் சரி. போஸ்டர் கலர், வாட்டர் கலர். தொடக்கத்துக்கு ஆயில் பேஸ்டல் இன்னும் நல்லது (பெயரில்தான் ஆயில், தின்னர் தேவையில்லை), லேசாக உரசினாலே அழுத்தமான கோடு விழும், பலமில்லாத கைக்கு அது பெரிய தைரியம். ஸ்கெட்ச் பென்னும் அப்படித்தான், என்ன, மூடியைத் திருப்பிப் போட மறந்து எல்லாம் காய்ந்துபோகும், என் வீட்டில் இன்னும் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

பிடி மெலிதாக இருந்தால் விரல் இறுக்கிப் பிடித்துப் பிடித்து வலிக்கும். குழாய்களுக்குச் சுற்றுகிற பஞ்சு உறையை ஒரு சாண் வெட்டி பிரஷ் காம்பில் மாட்டிவிடுங்கள், அல்லது பழைய துணியைச் சுற்றி டேப் போடுங்கள். தட்டையான தாளைவிட, தடித்த ஃபைல் ஒன்றை அடியில் வைத்துக் கொஞ்சம் சரிவாகக் கொடுத்தால் கழுத்து பிழைக்கும். தாள் பெரியதாகவே இருக்கட்டும், நடுங்குகிற கைக்கு இடம் வேண்டும்.

பிரஷ் அலசுகிற தண்ணீரைக் குடிக்கிற தம்ளரில் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நான் குடித்திருக்கிறேன், அடர் பச்சை. அதற்கென்று வாய் அகலமான பழைய டப்பா ஒன்று, குடிக்கிற தண்ணீர் மேஜையிலேயே வேண்டாம். வலிப்பு வருகிறவர் வீட்டில் பேப்பர் கட்டரும் கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம், தாளைக் கையால் கிழித்து ஒட்டினால் அதுவே அழகாக இருக்கும். களிமண் பிசைவது நல்லதுதான், ஆனால் விரல்கள் தானாக மடங்கி இறுகிப்போயிருக்கிற கைக்கு அழுத்திப் பிசைவது இறுக்கத்தைக் கூட்டிவிடக்கூடும், தெரபிஸ்ட்டிடம் கையைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: அப்பா முப்பது வருஷம் போர்டு எழுதிய ஓவியர். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. இடது கையால் வரையச் சொன்னால் வரைகிறார், முடித்ததும் கசக்கி எறிந்துவிடுகிறார். ‘நன்றாக இருக்கிறதே அப்பா’ என்றால் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்.

தம்பி, முதல் வேலையாக ‘நன்றாக இருக்கிறது’ என்பதை நிறுத்துங்கள். அவருக்குத் தெரியும் நன்றாக இல்லை என்று. முப்பது வருஷம் அளவுகோல் இல்லாமல் நேர்கோடு இழுத்த மனிதரிடம், கோணல் எழுத்தைக் காட்டி நன்றாக இருக்கிறது என்றால் ஒன்று நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அல்லது அவருடைய வேலை என்னவென்றே இத்தனை நாளாக உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டுமே அவருக்கு வலிக்கும். புதிதாக வரைய வருகிறவருக்கு இல்லாத ஒரு துக்கம் அவருக்கு இருக்கிறது, பழைய கையோடு ஒப்பிட அவரிடம் கணக்கு இருக்கிறது. கசக்கி எறியட்டும். எறிந்த தாளைப் பொறுக்கி நிமிர்த்தி வைக்காதீர்கள், அதுவும் அவர் முடிவுதான்.

பேச வேண்டும் என்றால் வேலையைப் பற்றிப் பேசுங்கள். இந்தச் சிவப்பு எப்படி வந்தது, எதில் கலந்தீர்கள், இந்த வளைவை மேலிருந்து இழுத்தீர்களா கீழிருந்தா. அதற்கு அவர் பதில் சொல்வார், ஏனென்றால் அந்த அறிவு கையில் மட்டும் இருந்ததில்லை, எழுத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதெல்லாம் இன்னும் அவரிடமே இருக்கிறது.

பல்கேரிய ஓவியர் ஸ்லாத்யு போயாஜியேவுக்கு 1951-ல் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. இடது கையால் பழகி, 1976-ல் இறக்கும் வரைக்கும் வரைந்தார். பழைய ஓவியங்களைத் திரும்ப வரையவில்லை அவர். பக்கவாதத்துக்குப் பிந்தைய ஓவியங்கள் வேறு ஆள் வரைந்தவை போல இருக்கும், கூட்டம் கூட்டமாக ஆட்கள், தடித்த வண்ணம். அமெரிக்காவில் கேத்தரின் ஷெர்வுட், 44 வயதில், 1997-ல், மூளையில் ரத்தக்கசிவு, அவருக்கும் வலது கை. அவரும் இடது கைக்கு மாறினார், ஈசல் என்கிற ஓவியச் சட்டத்தின் முன்னால் நிற்பதை விட்டுவிட்டு ஓவியத்தைப் படுக்கவைத்து, சக்கரம் வைத்த நாற்காலியில் நகர்ந்தபடி வரைய ஆரம்பித்தார். உங்கள் அப்பாவுக்கு இந்தக் கதைகளை உடனே சொல்லாதீர்கள், ‘அவங்களால முடிஞ்சது’ என்பது மாதிரி கேட்கும். என்றைக்காவது அவராக ஒரு தாளைக் கசக்காமல் வைத்தால் அப்போது சொல்லலாம்.

இன்னொன்று, வலது கையை அதற்குள் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டாம். முடியவில்லை முடியவில்லை என்று அந்தக் கையைச் சும்மாவே வைத்திருந்தால், கொஞ்சம் முடிகிற காலம் வரும்போதும் மூளை அதைக் கூப்பிடாது, எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உண்டாக்கினார். வலது கையைத் தாள் மேல் எடையாக வையுங்கள், தாள் நகராமல் பிடிக்கிற வேலை அதனுடையது.

கேள்வி: மாமனாருக்குப் பேச்சு வரவில்லை, நாம் சொல்வது புரிகிறது. வரைந்து காட்டிப் பேச முடியுமா?

முடியும், முழுப் பேச்சுக்கு மாற்றாக ஆகாது, ஆனால் ‘வலிக்கிறதா இல்லையா’வைத் தாண்டிப் போகலாம். பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையில் இருக்கிறது, அங்கே அடிபட்டுச் சொல் வராமல் போனவர்களில் சிலருக்கு, ஒரு பொருளின் வடிவம் அப்படியே கைக்கு வருகிறது. ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் இதைப் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள், அவரிடம் கேளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான், நீங்களும் வரைய வேண்டும். நீங்கள் வாயால் கேட்டு அவர் மட்டும் வரைந்தால் அது பரீட்சை. நீங்கள் ஒரு ஜன்னல் வரைந்து திறந்திருக்கிற மாதிரி ஒன்று, மூடியிருக்கிற மாதிரி ஒன்று காட்டினால், அவர் ஒன்றைத் தொடுவார், அல்லது பென்சிலை வாங்கி ஜன்னலுக்கு வெளியே எதையோ போடுவார், அங்கிருந்து பேச்சு ஆரம்பம். உங்கள் படம் கேவலமாக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்குக் கூச்சம் போய்விடும்.

கை தனியாக ஒரு ஞாபகம் வைத்திருக்கிறது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 1943-ல் போரில் தலையில் குண்டடிபட்ட ஒரு இளம் சோவியத் ராணுவ வீரர், எழுத்துகளே மறந்துபோய், ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். யோசிக்காதே, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் முழு வார்த்தையையும் ஒரே இழுப்பாக எழுது என்றார்கள். எழுதிவிட்டார்! எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாமல் திண்டாடினார், அது வேறு விஷயம். இருபத்தைந்து வருஷத்தில் ஏறக்குறைய மூவாயிரம் பக்கம் எழுதினார். அலெக்ஸாண்டர் லூரியா என்ற நரம்பியல் உளவியல் அறிஞர் அவரைக் கூடவே இருந்து கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் மாமனாரின் கையெழுத்தைப் போடச் சொல்லிப் பாருங்கள், சிலருக்கு எல்லாம் போனாலும் கையெழுத்து வந்துவிடும்.

கேள்வி: படம் வரைந்தால் வலது மூளை தூண்டப்பட்டு, சேதமான மூளை பழையபடி ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

இல்லை. இறந்த நரம்பு செல்கள் திரும்பி வருவதில்லை. மிச்சமிருக்கிற மூளை, வேலைகளை வேறு வழியாகச் செய்யப் பழகுகிறது, அதற்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், செய்கிற வேலையில் அவருக்கு ஒரு அக்கறை இருக்க வேண்டும். வரைவதில் அந்த இரண்டும் இருப்பதால்தான் உபயோகம். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் வருஷக்கணக்கில் தொடரும். ‘வலது மூளை கலை, இடது மூளை கணக்கு’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஒரு பூவை வரைய இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

பக்கவாதத்துக்குப் பிறகு நடையைச் சீராக்கத் தாளத்தோடு நடக்கவைப்பதற்கு ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஓவியத்துக்கு இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள், அவையும் பெரும்பாலும் மனநிலை, ஈடுபாடு பற்றியவை. ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942-ல் வைத்தவரே ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர், காசநோயிலிருந்து தேறும்போது படுக்கையில் வரைந்து பார்த்துத் தனக்குக் கிடைத்த தெம்பை வைத்துத்தான் பேசினார். நுரையீரல் ஆறிவிடும் என்று சொல்லவில்லை. எனவே பிசியோதெரபியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு ஓவியம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதுபோல, ஓவிய டீச்சர் வேறு, ஆர்ட் தெரபிஸ்ட் வேறு. இரண்டாமவர் மனநலப் பயிற்சியும் பெற்றவர். வெறுமனே வரைய நல்ல ஓவிய டீச்சரே போதும், உள்ளே புண்ணாகிக் கிடப்பதைத் தொட வேண்டுமானால் பயிற்சி பெற்றவர்தான்.

கேள்வி: தம்பி ராத்திரி முழுக்கத் தூங்காமல் வரைகிறான், ஒரே வட்டத்தைத் தாள் கிழியும் வரை சுற்றுகிறான், எல்லாம் கறுப்பு. மனச்சோர்வா?

மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம். கறுப்பை விட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மா ஒரு மாதம் முழுக்கக் கறுப்பிலேயே வரைந்தார், வீட்டில் எல்லோரும் பயந்து போய்விட்டார்கள், கடைசியில் கேட்டால் மற்ற டப்பாக்களின் மூடி திறக்க வரவில்லையாம். வட்டம், ஒரு அசைவில் மாட்டிக்கொண்டு மூளை அடுத்ததற்கு மாற முடியாமல் சுற்றுவது. திட்டினால் நிற்காது. பிரஷ்ஷை மாற்றிக் கொடுங்கள், புதுத் தாளை மேலே வையுங்கள், எழுந்து நாலு அடி நடக்கவையுங்கள், பள்ளத்தில் மாட்டின சக்கரம் மாதிரி பக்கவாட்டில் ஒரு தட்டு.

தூங்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. டாமி மெக்ஹியூ என்ற ஆங்கிலேயக் கட்டட வேலைக்காரருக்கு 2001-ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பிழைத்த பிறகு, வரையாமல் இருக்கவே முடியாமல் போனது, வீட்டுச் சுவரெல்லாம் ஓவியம். பத்திரிகைகள் அதை அதிசயம் என்று எழுதின. அபூர்வமாக அப்படி நடக்கிறது, கூட இருக்கிறவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை. உங்கள் தம்பி தூங்காமலும், வழக்கத்துக்கு மாறாகச் செலவு செய்துகொண்டும், பேசிக்கொண்டேயும் இருந்தால் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தலைவலி நாளுக்கு நாள் ஏறி வாந்தியும் மந்தமும் சேர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, படத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: அடிபட்டது எனக்குத்தான். தினமும் வரைகிறேன், மறுநாள் அதை வரைந்ததே ஞாபகம் இல்லை. ஞாபகமே நிற்காதபோது இதைச் செய்து என்ன பயன்?

நீங்களே எழுதியதற்கு நன்றி, இந்த இதழில் அடிபட்டவரே எழுதிய கடிதம் இது ஒன்றுதான்.

ஹென்றி மொலைசன் என்று ஒருவர் இருந்தார், அமெரிக்கர். வலிப்புக்காக 1953-ல் மூளையில் செய்த அறுவைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலால் சுற்றி வர வேண்டும், ஆனால் தன் கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் மட்டும்தான் பார்க்கலாம். முயற்சி செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக ஓடும், பைத்தியம் பிடிக்கும். மூன்று நாள் செய்தார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புது வேலை, இதற்கு முன் செய்ததாக நினைவே இல்லை. ஆனால் தப்புகள் குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் கை கிட்டத்தட்ட சுத்தமாகச் சுற்றி வந்தது. அவருக்குத் தெரியாமல் அவர் கை கற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் முதல் வாரத் தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதற்குத் தாள்கள் இருக்க வேண்டும், எனவே உதிரித் தாள் வேண்டாம், ஸ்பைரல் நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் பின்பக்கம் தேதி, எவ்வளவு நேரம், நாளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது, மூன்று வரி. மறுநாள் முன்பக்கத்துக்குப் போகும் முன் அதைப் படியுங்கள். என் மூன்றாவது நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பின்னால் ‘நாளைக்கு நீலத்தைத் தேடாதே, தீர்ந்துவிட்டது, கடலுக்கு வேறு ஏதாவது பார்’ என்று இருக்கிறது. என் கையெழுத்துதான், எழுதிய ஞாபகம் சுத்தமாக இல்லை. அடுத்த பக்கத்தில் கடல் பழுப்பு நிறத்தில் இருக்கிறது.